ரயில் காத்த காடு

சிங்கப்பூரில் தேக்கா சந்தை நிற்கும் அதே முக்கில்தான் சிராங்கூன் சாலையும் தொடங்குகிறது, புக்கித் தீமா சாலையும் தொடங்குகிறது. சிராங்கூன் சாலையில் திரும்பியவர்களுக்குப் பூக்கடை, நகைக்கடை, வீரமாகாளியம்மன் கோயில் என்று ஒவ்வொன்றாக வரும். புக்கித் தீமா சாலையில் திரும்பினால் ஒரு கால்வாய்தான் துணை. நியூட்டனைத் தாண்டியதும் சாலை அந்தக் கால்வாயின் இரு கரையிலும் இரண்டாகப் பிரிந்து வடமேற்கே போகிறது. ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் போனால், தலைக்கு மேலே ஒரு கறுத்த இரும்புப் பாலம் சாலையைக் குறுக்காகக் கடக்கும். பாலத்தின் மேல் இப்போது ரயில் இல்லை. சைக்கிள்காரர்கள், ஓட்டக்காரர்கள், நாயோடு நடப்பவர்கள், கல்யாணப் படம் எடுக்க வந்த ஜோடிகள் இவர்கள்தான் இருப்பார்கள்.

சிங்கப்பூர் ரயில் வழித்தடம் என்று இன்று அழைக்கப்படும் பாதையின் நடுப்பகுதி இது. தெற்கே தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30 வரை மலாயா ரயில்வே இதில் வண்டி ஓட்டியது. அந்த ரயில்வேயை இங்கே எல்லாரும் கேடிஎம் என்றே சொல்வார்கள். தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவிலிருந்து சைக்கிளிலேயே போகலாம். சாலை நெரிசல் பிடிக்காதவர்கள் மடக்கு சைக்கிளை எம்ஆர்டியில் ஏற்றிக்கொண்டு டவுன்டவுன் பாதையில் ஆறாவது நிலையமான கிங் ஆல்பர்ட் பார்க்கில் இறங்கினால் பாலம் பக்கத்திலேயே இருக்கிறது.

பாதை அழகானது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அது எப்படி மிஞ்சியது என்பதுதான் எனக்குப் புதிர். ஒரு சதுர மீட்டரையும் திட்டம் போடாமல் விடாத தீவு இது. கம்பத்துக் கிராமங்கள் போயின, கல்லறைகள் போயின, குன்றுகளை வெட்டிக் கடலில் கொட்டிப் புது நிலம் ஆக்கினார்கள். அந்தத் தீவின் நடுவே தெற்கிலிருந்து வடக்குவரை ஒரு பச்சைக் கோடு மட்டும் எண்பது ஆண்டு தொடாமல் கிடந்தது. மரத்தின் மேல் இருந்த பாசத்தால் அப்படி விட்டுவைத்தார்கள் என்று நினைத்தால் தப்பு.

*

ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சைக்கிள் பாதையாக்கும் வழக்கம் உலகத்தில் பெரும்பாலும் நிலக்கரியோடு சேர்ந்து வந்தது. சுரங்கம் மூடும், கரி ஏற்றிப்போன கிளைப்பாதைக்கு வேலை போகும், தண்டவாளம் பழைய இரும்புக்குப் போகும், மிஞ்சிய மண்மேட்டில் சில ஆண்டு முள் வளர்ந்து, பிறகு சைக்கிள் வரும். பிரிட்டனில் 1963-இல் வந்த பீச்சிங் அறிக்கை 2,300-க்கும் மேற்பட்ட நிலையங்களை மூடச் சொன்னது. வட இங்கிலாந்தில் கான்செட் இரும்பாலை 1980-இல் மூடியபின் அந்த ஊருக்கு வந்துபோன ரயில் தடங்கள்தான் இன்று அங்கே பேர்பெற்ற சைக்கிள் பாதைகள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கையும் கம்பர்லாந்தையும் இணைக்கும் கிரேட் அலெகெனி பாதை கரியும் இரும்பும் விளைந்த பள்ளத்தாக்குகள் வழியே சுமார் 240 கிலோமீட்டர் ஓடுகிறது. 2013-இல்தான் அதன் கடைசித் துண்டும் முடிந்தது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் மலைகளில் கரி ஏற்றிய குட்டி ரயில் போன வழியில் இப்போது குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் மிதிக்கின்றன.

சைக்கிளுக்கு இந்தத் தடங்கள் இவ்வளவு ஒத்துப்போவதற்குக் காரணம் ரயிலின் ஒரு பலவீனம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உராய்வு குறைவாக உருள்வதால் பாரத்தை எளிதாக இழுக்கிறது. அதே காரணத்தால் மேடு வந்தால் வழுக்குகிறது. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுவதே ரயிலுக்குக் கணிசமான ஏற்றம். அதனால் பொறியாளர்கள் குன்றைக் குடைந்தும் பள்ளத்தை நிரப்பியும் பாதையைச் சமமாக்கி வைத்தார்கள். மூச்சு வாங்காமல் மிதிக்க விரும்பும் அறுபது வயதுக்காரருக்கு அந்தச் செலவு முழுவதும் பயன்படுகிறது.

சிங்கப்பூரின் கதையில் சுரங்கம் இல்லை. புக்கித் தீமா குன்றைச் சுற்றிக் கருங்கல் குவாரிகள் இருந்தன, அவ்வளவுதான். ஹிந்திட், சிங்கப்பூர் குவாரி, டேரி ஃபார்ம் என்று வெட்டிய பள்ளங்களில் சில இன்று பச்சைத் தண்ணீர் நிறைந்த பூங்காக் குளங்கள். ஆனால் இந்த ரயில் நிலக்கரியில் ஓடியது, அந்தக் கரியில் நிறையவே மலாயாவின் கரி. சிலாங்கூரில் பத்து ஆராங் என்ற ஊரில் 1915 முதல் மலாயன் கோலியரிஸ் நிறுவனம் வெட்டி எடுத்தது. அதன் பெரிய வாடிக்கையாளர் ரயில்வே. சீனத் தொழிலாளர் அதிகம், இந்தியரும் இருந்தார்கள். 1937 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சுரங்கத்தையே கைப்பற்றித் தாங்களே நிர்வாகம் நடத்தத் தொடங்கினார்கள். போலீஸ் புகுந்து அதை அடக்கியது. 1950-களில் ரயில் எஞ்சின்கள் எண்ணெய்க்கும் டீசலுக்கும் மாறின. பெரிய வாடிக்கையாளர் போனபின் சுரங்கம் தாக்குப்பிடிக்கவில்லை, 1960-இல் மூடிவிட்டார்கள். மற்றக் கரி ஊர்களுக்கு நடந்த அதே கதைதான். ஆனால் ஐரோப்பாவைப் போல அங்கே ஒரு பேர்பெற்ற சைக்கிள் தடம் பிறக்கவில்லை. முந்நூறு நானூறு கிலோமீட்டர் தெற்கே, ரயில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சிங்கப்பூரில் பிறந்தது.

*

சிங்கப்பூருக்கு ரயில் வந்தது 1903-இல். ஜனவரி 1 அன்று டேங்க் ரோட்டிலிருந்து புக்கித் தீமா வரை திறந்தார்கள், ஏப்ரலில் உட்லண்ட்ஸ் வரை நீட்டினார்கள். டேங்க் ரோடு என்றால் தமிழருக்கு ஒரே அடையாளம்தான்: 1859-இல் நகரத்தார் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள் வந்து சேரும் இடம். அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில்தான் முதல் ரயில் நிலையம் இருந்தது. அங்கிருந்து வண்டி ஆர்ச்சர்ட் சாலையைத் தாண்டி நியூட்டன் வழியாக வடக்கே போனது. உட்லண்ட்ஸில் இறங்கிப் படகேறித்தான் ஜோகூர் போகவேண்டும். 1923-இல் தரைப்பாலம் வந்து சரக்கு வண்டியும் பிறகு பயணி வண்டியும் கடலைக் கடந்தபின், மலாயாவின் ஈயமும் ரப்பரும் சிங்கப்பூர்க் கப்பல்துறை வரை தண்டவாளத்திலேயே வர முடிந்தது.

இடையில் 1918-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். சிங்கப்பூர் அரசு கட்டிய இந்தப் பாதையை மலாய்க் கூட்டுமாநிலங்களின் ரயில்வேக்கு மாற்றிக் கொடுத்த ஏற்பாட்டின் பகுதி அது. ரயில் நிலம் 999 ஆண்டுக்குக் குத்தகை. ஆனால் ரயில் ஓட்டத்தான் பயன்படுத்த வேண்டும். எழுதியவர்களுக்கு அதில் பெரிதாக எதுவும் தோன்றியிருக்காது. இரண்டு பக்கமும் ஒரே பிரிட்டிஷ் ஆட்சி. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கோப்பு நகர்ந்தது, அவ்வளவே. அந்த இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து பின்னால் என்ன செய்யும் என்று யாரும் கண்டிருக்க முடியாது.

ஊருக்குள் ரயில் வந்துபோவதில் நெரிசல் கூடியது. சாலைக்குச் சாலை கேட் போட்டு வண்டிகளை நிறுத்த வேண்டியிருந்தது. ஆகவே 1932-இல் புக்கித் தீமாவிலிருந்து பாதையைத் திருப்பி, ஹாலந்து, தங்ளின், குவீன்ஸ்டவுன் பக்கமாகத் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாருக்குக் கொண்டு போனார்கள். இன்று நாம் மிதிக்கும் தென்பாதி இதுதான். தஞ்சோங் பகார் நிலையத்தை அந்த ஆண்டு மே 2-இல் ஆளுநர் செசில் கிளெமென்டி திறந்து வைத்தார். முகப்பில் ருடோல்ஃபோ நோல்லி செதுக்கிய நான்கு வெண்பளிங்கு உருவங்கள்: வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில். ஒவ்வொன்றின் மேலும் ரயில்வேயின் பெயரில் ஓர் எழுத்து. உள்ளே உயரமான கூடத்தின் சுவர்களில் ரப்பர் வெட்டுவதும் நெல் நடுவதும் ஈயம் எடுப்பதுமான ஓடுச் சித்திரங்கள். ரப்பர் வெட்டியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள் என்பதை அந்தச் சித்திரங்களைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்ள முடியாது.

பிறகு நாடுகள் பிரிந்தன. 1965-இல் சிங்கப்பூர் தனி நாடு. ரயில் நிலமோ மலேசிய ரயில்வேயின் கையில். மண்ணின் மேல் ஆட்சி சிங்கப்பூருடையது, குத்தகை மலேசியாவுடையது. சிங்கப்பூர் அதில் வீடு கட்ட முடியாது. மலேசியாவும் ரயில் தவிர வேறெதற்கும் பயன்படுத்த முடியாது. 1998-இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது; மலேசியா தன்னுடையதைத் தஞ்சோங் பகாரிலேயே வைத்துக்கொண்டது. அதனால் வடக்கே போகும் பயணி முதலில் மலேசியாவுக்குள் நுழைய அனுமதி வாங்கி, வண்டியேறி, அரை மணி நேரம் கழித்து உட்லண்ட்ஸில் இறங்கித்தான் சிங்கப்பூரைவிட்டு வெளியேற அனுமதி பெற்றார்! இடைப்பட்ட நேரத்தில் அவர் எந்த நாட்டில் இருந்தார் என்பது வழக்கறிஞர்கள் பேசி மகிழவேண்டிய விஷயம்.

1990 நவம்பர் 27-இல் லீ குவான் இயூவும் மலேசிய நிதியமைச்சர் டாயிம் சைனுதீனும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். அதற்கு என்ன பொருள் என்பதில் இரு நாடுகளும் இருபது ஆண்டு இழுத்தன. 2010 மே மாதம் லீ சியென் லூங்கும் நஜிப் ரசாக்கும் முடிச்சை அவிழ்த்தார்கள். ரயில் உட்லண்ட்ஸோடு நிற்கும். ரயில் நிலத் துண்டுகளுக்கு ஈடாக மலேசியாவும் சிங்கப்பூரும் 60-க்கு 40 பங்கில் நடத்தும் நிறுவனத்துக்கு மரினா சவுத்திலும் ஓஃபீர்-ரோச்சோரிலும் மனைகள் கிடைக்கும். ரோச்சோரில் எழுந்த டுவோ என்ற இரட்டைக் கோபுரம் தேக்காவிலிருந்து நடக்கும் தூரம். தேன்கூடு போன்ற அதன் சன்னல்களைப் பார்க்கிறவர்கள், அது ஒரு ரயில் பாதைக்குக் கொடுத்த விலை என்று நினைப்பதில்லை.

ஆக, இந்தத் தடத்தின் காட்டைக் காத்தது ஒரு முட்டுக்கட்டை. பூங்காத் துறையோ சூழல் இயக்கமோ களத்தில் இறங்குவதற்கு வெகு காலம் முன்பே, குத்தகைப் பத்திரத்தின் ஒரு வரி அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. இருபுறமும் அடுக்குமாடி எழும்ப எழும்ப, நடுவே லாலான் புல்லும் அல்பீசியா மரமும் யாரையும் கேட்காமல் வளர்ந்தன. ஓரத்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளிலிருந்து ஆட்கள் இறங்கிவந்து வாழையும் மரவள்ளியும் பப்பாளியும் போட்டார்கள். சிங்கப்பூரில் அனுமதிக் கடிதம் இல்லாமல் தோட்டம் போட முடிந்த இடங்களில் இதுவும் ஒன்று.

*

அந்த முட்டுக்கட்டைக்குள் வாழ்ந்த மனிதர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

மலாயா ரயிலுக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு முதல் தண்டவாளத்திலிருந்தே தொடங்குகிறது. தைப்பிங்கின் ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோக 1885-இல் திறந்த முதல் பாதைக்கு இலங்கையிலிருந்து பயனியர் படையை வரவழைத்தார்கள். அதன்பின் எழுத்து வேலைக்கு யாழ்ப்பாணத்தார் வந்தார்கள். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்தவர்கள். நிலைய அதிகாரி, எழுத்தர், தந்தியாளர் வேலைகளில் அவர்கள் நிறைந்திருந்தார்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸும் செந்தூலும் தமிழ் ஊர்களானதற்கு ரயில்வே குடியிருப்புகளும் பட்டறையும்தான் காரணம். பாதைப் பராமரிப்பு தென்னிந்தியத் தொழிலாளரிடம் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆள்பிடித்து வந்தவர்கள், அவர்களுக்குப் பிறந்தவர்கள்.

பயணச்சீட்டு வாங்குகிற யாருடைய கண்ணிலும் படாத வேலை அது. ஒரு கூட்டத்துக்கு ஒரு மேஸ்திரி. இத்தனை மைல் பாதை என்று கணக்கு. கட்டைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே அடித்த ஆணியும் ஆப்பும் வண்டி போகப்போகத் தளரும். ஒருவர் நீண்ட கைப்பிடிச் சுத்தியலோடு தினமும் தன் பங்குப் பாதையை நடந்து, தளர்ந்ததைத் தட்டி இறுக்கவேண்டும். மழைக்குப் பிறகு ஜல்லிக்கு அடியில் மண் இளகிப் பாதை அமுங்கும். நெம்புகோலால் தண்டவாளத்தைத் தூக்கிப் பிடித்து, கட்டைக்குக் கீழே கல்லைக் குத்தித் திணிக்கவேண்டும். வெயிலில் இரும்பு நீளும். இணைப்புகளில் விட்டிருக்கும் இடைவெளி அடைபட்டால் பாதை வளைந்துவிடும். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் மழையும் வெயிலும்தான். ஓரத்துப் புல்லும் வாரத்துக்கு ஒரு முறை எழும். இன்று நாம் அனுபவிக்கிற அந்தச் சமதளம் 1932-இல் ஒரு தடவை போட்டதோடு நின்றிருந்தால் சில ஆண்டுகளிலேயே ஓடையாகியிருக்கும்.

இவர்கள் விட்டுப்போனவற்றில் கண்ணுக்குத் தெரியும் ஒன்று முனீஸ்வரன் கோயில். 1932-இல், புதுப் பாதையில் வண்டி ஓடத் தொடங்கிய அதே ஆண்டில், குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தோரம் ரயில்வே தொழிலாளர்கள் ஒரு குடிசையில் முனீஸ்வரனை வைத்தார்கள். தோட்டமோ, பாதையோ, காடோ எங்கே ஆள் போனாலும் எல்லையில் முனியை நிறுத்துவது மலாயாத் தமிழரின் வழக்கம். ரயில் நிலத்தின் ஓரம் என்பது எல்லைதானே. குடிசை கோயிலாகி, சாலை அகலப்படுத்த இடம் கொடுத்து, 1990-களின் கடைசியில் காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாகக் குடியேறியது. தென்கிழக்காசியாவின் பெரிய முனீஸ்வரன் கோயில்களில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள். வழித்தடத்திலிருந்து ஒதுங்கி நடந்தால் போய்விடலாம். தடத்தில் சைக்கிள் ஓட்டும் கூட்டத்தில் பத்துக்கு ஒருவராவது இந்தத் தொடர்பை அறிந்திருப்பாரா என்பது சந்தேகம்.

ஜப்பானியர் காலத்தைத் தனியாகத்தான் சொல்லவேண்டும். சிங்கப்பூரில் பிடிபட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து, பர்மாவுக்கு ரயில் பாதை போட, இந்தப் பாதை வழியே சயாமுக்கு அனுப்பினார்கள். மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையில் தண்டவாளங்களைப் பெயர்த்தும் அங்கேயே கொண்டு போனார்கள். தோட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் தமிழர்கள் மரண ரயில் என்று பேரெடுத்த அதே பாதை வேலைக்குப் போனார்கள்; பெரும் பகுதியினர் திரும்பவில்லை. மலேசியத் தமிழில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ என்று நாவல்களாகவே அது எழுதப்பட்டிருக்கிறது. தண்டவாளம் என்றால் எங்கள் மூத்தவர்களில் சிலருக்கு உல்லாசம் நினைவுக்கு வராததற்குக் காரணம் உண்டு.

*

தெற்கிலிருந்து மிதிப்பதா வடக்கிலிருந்தா என்று கேட்டால், தெற்கிலிருந்து என்பேன். ஸ்பூனர் சாலை அருகே, ஒரு காலத்தில் கேடிஎம் ஊழியர்கள் குடியிருந்த அடுக்குமாடிகளுக்குப் பக்கத்திலிருந்து பாதை கிளம்புகிறது. முதல் சில கிலோமீட்டருக்கு நகரம் விடுவதாக இல்லை. மேம்பாலங்களின் அடிவயிறும் அலெக்சாண்ட்ராவின் கட்டடங்களும் கூடவே வரும். புவனா விஸ்தா அருகே சாலைக்கு அடியில் புகும் இடத்தில் சுவரெங்கும் வண்ண எழுத்துகள். தங்ளின் ஹால்ட் தாண்டியதும் மரம் நெருங்கத் தொடங்குகிறது. தரை தார் அல்ல. சரளைக்கு மேல் புல் முளைக்கவிட்ட பரப்பு அதிகம். மழை வடிந்துவிடும், ஆனால் மெல்லிய டயர் போட்ட பந்தய சைக்கிள்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. தாரைப் போட்டிருந்தால் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் பறக்கும் கூட்டம் வந்து, நடக்கிற பாட்டிமார் ஒதுங்கியிருப்பார்கள்.

புக்கித் தீமா நிலையம் செங்கல்லால் கட்டிய சின்னக் கட்டடம். ரயில் போனபின்பும் இதைப் பாதுகாத்து, புதுப்பித்து, 2022-இல் மறுபடி திறந்தார்கள். நிலையத்தின் முன்னால் கொஞ்ச தூரம் தண்டவாளத்தை விட்டு வைத்திருக்கிறார்கள். இரு கம்பிகளுக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர். இங்கே இறங்கி ஏறியவர்களைவிட இங்கே நடந்த ஒரு சடங்குதான் இந்த நிலையத்தின் பெருமை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. அதற்கு இரண்டு நிலையங்களிலும் மின்சாரத்தால் பிணைத்த பெட்டிகள் வைத்து, அவற்றில் சாவிபோன்ற டோக்கன்கள் இருக்கும். ஒரு டோக்கன் வெளியே வந்துவிட்டால் அது மறுமுனைப் பெட்டிக்குள் திரும்பும்வரை இன்னொன்று எந்தப் பெட்டியிலிருந்தும் வராது. டோக்கன் கையில் இல்லாத ஓட்டுநர் அந்தத் துண்டுப் பாதைக்குள் நுழையக் கூடாது. டோக்கனை ஒரு தோல்பையில் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் கட்டி, நிலையக்காரர் மேடையில் நின்று கையை உயர்த்துவார். வேகம் குறைத்து வரும் எஞ்சினிலிருந்து ஒரு கை பழைய வளையத்தை வீசிவிட்டுப் புதியதைப் பிடித்துக்கொள்ளும். கணினி எல்லாவற்றையும் நடத்திய ஊரில் இந்த வளைய மாற்றம் 2011 ஜூன் 30 என்ற அந்தக் கடைசி நாள்வரை நடந்தது. அன்று இரவு கடைசி வண்டியைத் தஞ்சோங் பகாரிலிருந்து ஜோகூர் சுல்தானே எஞ்சினில் ஏறி ஓட்டிச்சென்றார்.

நிலையத்துக்கு வடக்கேதான் பாதையின் உச்சம். இரண்டு இரும்புப் பாலங்கள், அவற்றுக்கு நடுவே ஒரு பக்கம் புக்கித் தீமா இயற்கை வனத்தின் சரிவு. பாறையைக் குடைந்து போட்ட வழியில் வெயில் தரையைத் தொடாது. குரங்குகள் மதிலில் உட்கார்ந்து சைக்கிள் கூடையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நெகிழிப் பை தெரியாமல் பார்த்துக்கொள்வது நல்லது. வைக்கோல் நிறத் தலைகொண்ட சின்னான், பல நாடுகளில் கூண்டுக்காகப் பிடித்து அழித்துவிட்ட பாட்டுப் பறவை, சிங்கப்பூரின் பசுமைத் துண்டுகளில் இன்னும் பாடுகிறது. பாதைக்கு மேலே கொஞ்ச தூரத்தில் பழைய ஃபோர்டு தொழிற்சாலை, 1942 பிப்ரவரி 15-இல் பிரிட்டிஷார் சரணடைந்த இடம்.

ஹில்வியூவுக்கு வடக்கே தொடங்கும் பகுதி 2023-இல்தான் முழுதாகத் திறந்தது. அழகுப் பட்டியலில் இது கடைசி. புக்கித் பாஞ்சாங் அடுக்குமாடிகள், பிறகு சுங்கை காடுட்டின் மரப்பட்டறைகளும் கிடங்குகளும். நான் இதை விரும்புவதற்குக் காரணம் வேறு. வேலை முடிந்த நேரத்தில் இங்கே பழைய சைக்கிள்களில் தொழிலாளிகள் வருவார்கள். பின்னிருக்கையில் சோற்று டப்பா, கைப்பிடியில் தொங்கும் மழைக்கோட்டு. தமிழும் வங்காளமும் கலந்து கேட்கும். தலைக்கவசமும் இறுக்கமான கால்சட்டையுமாக வரும் வார இறுதிக் கூட்டம் இந்தப் பாதையை உல்லாசத்துக்குப் பயன்படுத்துகிறது. இவர்கள் விடுதிக்குப் போகப் பயன்படுத்துகிறார்கள். பாதைக்கு இவர்கள் பிந்தி வந்தவர்களும் அல்ல. சுத்தியலோடு நடந்த அந்தப் பழைய ஆட்களின் ஊர்களிலிருந்தே பலர் வந்திருக்கிறார்கள்.

*

ரயில் நின்றதும் நிலம் சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. முட்டுக்கட்டை அகன்ற அந்த நொடியில்தான் காட்டுக்கு உண்மையான ஆபத்து. சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் இதை முன்கூட்டியே கண்டது; 2010 அக்டோபரிலேயே பாதை முழுவதையும் உடையாத பசுமைத் தடமாக வைக்கக் கேட்டு அறிக்கை கொடுத்தது. துண்டுதுண்டான காடுகளில் வாழும் உயிர்களுக்கு நடுவே ஒரு வழி வேண்டும், அதை உடைத்துவிட்டால் மறுபடி ஒட்டவைக்க முடியாது என்பது அவர்கள் வாதம். 2011 ஜூலையில் தண்டவாளம் பெயர்க்குமுன் சில வாரம் மக்களை நடக்க விட்டபோது ஆயிரக்கணக்கில் வந்தார்கள். குடும்பம் குடும்பமாகக் கட்டைகளின் மேல் தாவித்தாவி நடந்த அந்தக் கூட்டம் எந்த அறிக்கையையும்விட வலுவாகப் பேசியது என்று நினைக்கிறேன். 2015-இல் திட்ட வடிவமைப்புப் போட்டியில் ஜப்பானின் நிக்கென் செக்கெய் வென்றது. இடையில் தென்பாதியின் அடியில் பெரிய குடிநீர்க் குழாயும் பதித்தார்கள். ரயிலைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்தது.

இன்றைய தடம் நன்றாகப் பராமரிக்கப்படுகிறது. குறை சொன்னால் நன்றிகெட்டதனம். ஆனாலும் யாரும் கவனிக்காததால் வளர்ந்த பசுமைக்கும் தோட்டக்காரர் வளர்த்த பசுமைக்கும் வித்தியாசம் தெரிகிறது. வாழையும் மரவள்ளியும் குறைந்துவிட்டன. நட்ட செடிகளுக்குப் பெயர்ப்பலகை உண்டு. நினைவுகூர்வதிலும் அதே தேர்வு நடந்திருக்கிறது: நிலையம், பாலம், பறவை மூன்றும் நன்றாகப் படம் பிடிக்கத் தகுந்தவை, ஜல்லி குத்தியவர்கள் படத்தில் அழகாக விழமாட்டார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கரி நாட்டுத் தடங்களில் சுரங்கத் தொழிலாளியின் வண்டியையும் விளக்கையும் எடுத்து வைத்து, அந்த ஊர்க்காரர்களே பெருமையோடு விளக்குகிறார்கள். அங்கே தொழிலாளியின் பேரன் அதே ஊரில் இருக்கிறான். இங்கே ரயில் போனபோது ரயில்காரர்களும் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள், அல்லது வீவக வீடுகளில் கலந்துவிட்டார்கள். தங்ளின் ஹால்ட் என்ற பெயரே அங்கே வண்டி நின்றதால் வந்தது. 1962 வாக்கில் எழுந்த அந்தப் பத்துமாடிப் புளோக்குகளையும் இடித்துப் புதியவை கட்ட 2014-இல் அறிவித்துவிட்டார்கள்.

கேடிஎம் இன்னும் முற்றாகப் போகவில்லை. உட்லண்ட்ஸுக்கும் ஜோகூர் பாருவுக்கும் இடையே தெப்ராவ் வண்டி ஐந்து நிமிடப் பயணம் ஓடுகிறது. திட்டப்படி 2026 கடைசியில் இரு நகரங்களுக்கும் இடையே புது விரைவு ரயில் வந்தால், சில மாதங்களில் அதுவும் நின்றுவிடும். தஞ்சோங் பகார் நிலையத்துக்கு அடியில் எம்ஆர்டி நிலையம் கட்டியிருக்கிறார்கள்.

அடுத்த சோதனை கிளெமென்டி பக்கம் இருக்கிறது. 1960-களின் நடுவில் ஜூரோங் தொழிற்பேட்டைக்காகப் போட்ட கிளைப்பாதை தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே ஓய்ந்துபோனது. அதையொட்டிய கிளெமென்டி காட்டில் அல்பீசியா மரங்கள் பனிமூட்டத்தில் நிற்கும் படங்கள் பெருந்தொற்றுக் காலத்தில் பரவி, கூட்டம் கூட்டமாக மக்கள் போனார்கள். 2021-இல் அந்தப் பழைய ஜூரோங் பாதையை இயற்கை நடைபாதையாக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. காட்டின் நிலமோ 1998-இலிருந்து குடியிருப்புக்கென்று ஒதுக்கப்பட்டது. இப்போதைக்கு வீடு கட்ட அவசரம் இல்லை, வருங்காலத் தலைமுறைக்கு வாய்ப்பைத் திறந்து வைக்கிறோம் என்பதே அப்போது கிடைத்த பதில். ஒதுக்கீட்டை மாற்றவில்லை. குறுக்கே நிற்க அங்கே 999 ஆண்டுக் குத்தகையும் இல்லை.